இரண்டாவது கையெழுத்து

ஆண்டுக்கு இரண்டே ஊசி; எச்.ஐ.வி. அண்டாது. 2024 ஜூனில் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்விலிருந்து வந்த இந்தச் செய்தி, நாற்பதாண்டு எய்ட்ஸ் வரலாற்றில் அரிதாகக் கிடைத்த நற்செய்திகளுள் ஒன்று. லெனாகபவிர் என்ற அந்த மருந்தைப் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடப் புதிதாகத் தொற்று ஏற்படவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் அமெரிக்கா அதைத் தடுப்பு மருந்தாக அங்கீகரித்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள் 2027 முதல் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 40 டாலர் விலையில் அதைத் தர முன்வந்திருக்கின்றன. மகிழ வேண்டிய நேரம்தான். ஆனால், எந்தத் தடுப்பு மருந்தும் ஆய்வகத்திலிருந்து நேராக மருந்துக்கடைக்கு வந்துவிடுவதில்லை. அது பலன் தருமா, தீங்கு செய்யுமா என்று தெரியாத கட்டத்தில், அதைத் தம் உடம்பில் ஏற்றுக்கொள்ள ஆயிரக்கணக்கானோர் முன்வர வேண்டியிருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பைப் பொறுத்தவரை, அப்படி முன்வரும்படி தொடக்கத்திலிருந்தே கேட்கப்பட்டு வருபவர்கள் பாலியல் தொழிலாளர்கள்.

அதனாலேயே ஆய்வுலகில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுப்பப்படுகிறது: பாலியல் தொழிலாளர்கள் மருந்தாய்வில் சேர விருப்பமாக இருக்கிறார்களா? ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கேள்வித்தாளோடு போய் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பொதுவாகக் கேட்டால், சேர்கிறேன் என்று சொல்வோர் கணிசமாக இருப்பார்கள். பக்கவிளைவு வரலாம், அவ்வப்போது இரத்தம் எடுப்போம், உங்களுக்குக் கிடைப்பது மருந்தா மருந்தில்லாத வெறும் மாத்திரையா என்று சொல்ல மாட்டோம் என்று ஒவ்வொன்றாக விளக்கினால் தயக்கமும் கூடும். இதைக் கண்டதும், விழிப்புணர்வு போதவில்லை என்று முடிவுகட்டுவது எளிது. நான் அதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். விளக்கம் கேட்டபின் தயங்குகிறவர் விஷயத்தைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார். எந்த நிபந்தனை நிறைவேறினால் வருவேன் என்பதை அந்தத் தயக்கத்தின் மூலம் அவர் சொல்கிறார். ஆகவே கேள்வியை மறுபக்கம் திருப்ப வேண்டும்: அந்த நிபந்தனைகளை ஏற்க, ஆய்வை நடத்துவோரும் அரசும் விருப்பமாக இருக்கிறார்களா?

ஆபத்தின் கணக்கு

ஏன் இவர்களைத் தேடிப் போகிறார்கள் என்பதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. தடுப்பு மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, மருந்து பெற்றவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது, பெறாதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்று ஒப்பிட வேண்டும். ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்குத் தொற்று வரும் ஊரில் இரண்டாயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் கண்ணில் படுவது இரண்டே தொற்றுகள்; அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. நூற்றில் நான்கு பேருக்குத் தொற்று வரும் இடத்தில் அதே இரண்டாயிரம் பேரில் எண்பது தொற்றுகள் தெரியவரும். யாருக்கு ஆபத்து அதிகமோ, அவரே ஆய்வுக்கு அதிகம் பயன்படுவார் என்பதுதான் இந்தக் கணக்கில் உள்ள கசப்பு. பங்கேற்பவருக்கு ஆணுறை தருவதும், பால்வினை நோய் இருந்தால் சிகிச்சை தருவதும், பாதுகாப்பாக இருக்கும்படி ஒவ்வொரு முறையும் அறிவுரை சொல்வதும் ஆய்வாளரின் கடமை. அவர் அந்தக் கடமையை ஒழுங்காகச் செய்தால் தொற்று குறையும். தொற்று குறைந்தால் ஆய்வுக்கு முடிவு கிடைக்காது. கானா, கேமரூன், நைஜீரியா ஆகிய நாடுகளில் டெனோஃபோவிர் மாத்திரையைக் கொண்டு நடந்த ஆய்வில் 936 பெண்கள் இருந்தார்கள். தொற்று ஏற்பட்டது எட்டுப் பேருக்கு: மருந்து பெற்றவர்களில் இருவர், பெறாதவர்களில் அறுவர். மருந்து பலிக்கிறது என்று அடித்துச் சொல்ல அந்த எண்ணிக்கை போதவில்லை. நமக்கு நோய் வருமா என்றுதான் இவர்கள் காத்திருக்கிறார்களா என்ற ஐயம் ஒரு பெண்ணுக்கு எழுந்தால், அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆய்வின் அமைப்பிலேயே அந்தக் கேள்வி இருக்கிறது.

புனோம் பென் கேட்டது

இந்தக் கேள்வி உலகின் காதில் முதன்முதலாக உரக்க விழுந்தது கம்போடியாவில். 2004இல் புனோம் பென் நகரத்தில், தொற்று இல்லாத 960 பாலியல் தொழிலாளர்களைச் சேர்த்து, டெனோஃபோவிர் எச்.ஐ.வி.யைத் தடுக்கிறதா என்று பார்க்க அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் திட்டமிட்டிருந்தார்கள். டெனோஃபோவிர், 2001இல் அமெரிக்காவில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றிருந்த மருந்து. உடம்பில் நோயே இல்லாத பெண் அதை நாள்தோறும் விழுங்கினால் பிற்காலத்தில் என்ன ஆகும் என்று அன்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. ‘ஒற்றுமைக்கான பெண்கள் வலையமைப்பு’ என்ற பாலியல் தொழிலாளர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. பக்கவிளைவுகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கை. ஆய்வுக் காலத்துக்குள் வரும் பாதிப்பைக் கவனிக்கலாம், அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுக்குப் பொறுப்பேற்கும் வழக்கம் இல்லை என்ற அளவிலேயே பதில் நின்றது. அந்த ஆண்டு ஜூலையில் பாங்காக்கில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில், மாத்திரையைத் தயாரித்த கிலியட் நிறுவனத்தின் அரங்கில் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆகஸ்டில் பிரதமர் ஹுன் சென் ஆய்வையே நிறுத்தினார். அடுத்த சில மாதங்களில் கேமரூனிலும் எதிர்ப்பு கிளம்பி அங்கும் ஆய்வு நின்றது.

முப்பது ஆண்டுக் காப்பீடு என்பது மிகையான ஆசை என்றும், வெளிநாட்டு ஆர்வலர்கள் தூண்டிவிட்டது என்றும் அன்று பேசியவர்கள் உண்டு. காலம் வேறு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. டெனோஃபோவிரை நெடுங்காலம் உட்கொள்வோருக்குச் சிறுநீரகமும் எலும்பின் அடர்த்தியும் பாதிக்கப்படக்கூடும் என்பது பின்னாளில் மருத்துவப் புத்தகத்தில் ஏறிய செய்தி. இன்று அந்த மாத்திரையைத் தருமுன் சிறுநீரகச் செயல்பாட்டைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். நோயற்றவர்கள் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும்போது இந்தப் பாதிப்பு பெரும்பாலும் சிறியது, மருந்தை நிறுத்தினால் சீராகிவிடுவது என்பதும் உண்மை; இந்த மருந்து பின்னர் இலட்சக்கணக்கானோரைக் காத்தது என்பதும் உண்மை. ஆனால், 2004இல் இவற்றில் எதுவும் உறுதியாகத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று உணர்ந்து, அந்த ஆபத்தை யார் சுமப்பது என்று கேட்டவர்கள் புனோம் பென் பெண்கள். அறிவியல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பாதுகாப்பு ஆவணம் எழுதும் காப்பீட்டு அதிகாரி இதைக் கேட்டால் முன்யோசனை என்கிறோம். பாலியல் தொழிலாளி கேட்டால் மட்டும் பிடிவாதமாகத் தெரிகிறது.

சென்னையின் பங்கு

நம் ஊருக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு; அது தொடக்கத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. மருத்துவ வரலாற்றில் அது துணிச்சலான பணி. பல உயிர்களைக் காத்த எச்சரிக்கை. ஆனால், அந்த இரத்தம் அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களுடையது. எதற்காக எடுக்கப்படுகிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பின்னர் நடந்தது இன்னும் கொடிது. பரிசோதனையில் தொற்று தெரிந்த பெண்கள், வெளியே விட்டால் நோய் பரவும் என்று காரணம் சொல்லப்பட்டுக் காப்பகத்திலேயே தொடர்ந்து வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே அவர்களுக்கு விடிவு வந்தது. இரத்தம் கொடுத்ததற்குக் கிடைத்த பலன் சிறைவாசம் என்ற நினைவு ஒரு சமூகத்தில் தங்கிவிட்டால், அது எளிதில் அழியாது. ‘நம்பிக்கை மையம்’ என்று நாம் பெயர் வைத்திருக்கும் பரிசோதனை மையங்களின் வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றால், அந்தத் தயக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

ஆபத்து கற்பனையும் அல்ல. நானாக்சினால்-9 என்பது பல ஆண்டுகளாகக் கடைகளில் விற்ற விந்துக்கொல்லி. ஆணுறைகளின் மேலும் பூசப்பட்டது. சோதனைக் குழாயில் அது எச்.ஐ.வி.யை அழித்ததால், பெண்களுக்கான தடுப்புக் களிம்பாகும் என்று நம்பினார்கள். பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் பாலியல் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2000இல் டர்பன் மாநாட்டில் வெளியானபோது அரங்கமே அதிர்ந்தது. களிம்பு பெற்ற 376 பேரில் 59 பேருக்கும், மருந்தில்லாக் களிம்பு பெற்ற 389 பேரில் 45 பேருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது. காக்க வந்தது, உறுப்பின் உள்தோலைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழிவிட்டிருந்தது. 2007 ஜனவரியில் செல்லுலோஸ் சல்ஃபேட் என்ற வேறொரு களிம்பின் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. தீங்கு செய்யக்கூடும் என்று இடைக்காலக் கணக்கு காட்டியதே காரணம். மூன்று ஆப்பிரிக்க மையங்களோடு இந்தியாவில் இரண்டு மையங்களிலும் அந்த ஆய்வு நடந்தது. அவற்றில் ஒன்று கர்நாடகத்தின் பாகல்கோட். மற்றொன்று நம் சென்னை. இந்த ஆய்வுகளில் சேர்ந்த பெண்கள் ஏமாளிகள் அல்லர். அவர்கள் முன்வந்ததால்தான் கோடிக்கணக்கான பெண்களுக்கு ஒரு தவறான மருந்து பாதுகாப்பென்று பரிந்துரைக்கப்படாமல் நின்றது. நாம் பட்டிருக்கும் கடன் அது. அந்தக் கடனுக்கு இதுவரை நன்றிக்குறிப்பில் இரண்டு வரி தவிர என்ன திருப்பிக் கொடுத்தோம்?

மாத்திரைக் குப்பியும் மூடிய கதவும்

விருப்பத்தைக் கையெழுத்தோடு நிறுத்திவிட்டால் அறிவியலும் தோற்கும் என்பதற்கு ‘வாய்ஸ்’ ஆய்வு சான்று. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் 5,029 பெண்கள் சேர்ந்த பெரிய ஆய்வு அது; அவர்கள் பாலியல் தொழிலாளர்கள் என்ற அடையாளத்தில் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர், பொதுவாகத் தொற்று ஆபத்தில் இருந்த பெண்கள். எல்லோரும் விளக்கம் கேட்டார்கள், கையெழுத்திட்டார்கள், மையத்துக்குத் தவறாமல் வந்தார்கள். மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்துகிறோம் என்று அவர்கள் சொன்னதையும் திருப்பித் தந்த மாத்திரைகளையும் வைத்துப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது பங்கு கடைப்பிடிப்பு. இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்து இருந்தது. பின்னர் மனம்விட்டுப் பேசியபோது காரணங்கள் வெளிவந்தன. மாத்திரைக் குப்பியைப் பார்ப்பவர்கள் நமக்கு எச்.ஐ.வி. என்று நினைப்பார்களே, கணவன் கேட்டால் என்ன சொல்வது, மருந்தே நோயைக் கொண்டுவரும் என்கிறார்களே, நலமாக இருக்கும் உடம்புக்கு எதற்கு மாத்திரை. பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் ஆய்வு மையமே நல்ல இடமாக இருந்ததால் சேர்ந்தார்கள். மருந்தை நம்பாததால் விழுங்கவில்லை. வாயால் சொன்ன ஆமாவும், மூடிய கதவுக்குப் பின்னால் சொன்ன இல்லையும் ஒரே பெண்ணுடையவை. பெருஞ்செலவில் நடந்த ஆய்வு, மருந்து வேலை செய்யுமா என்ற கேள்விக்கே விடை சொல்ல முடியாமல் முடிந்தது.

இந்தக் குப்பியைச் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். தடுப்புக்குத் தரும் டெனோஃபோவிர், சிகிச்சைக் கூட்டு மருந்திலும் இருக்கும் அதே மருந்து. நான்கைந்து பேர் சேர்ந்து தங்கும் ஒரு வாடகை அறையில் அதை எங்கே வைப்பது? தலையணைக்கடியில் வைத்தால் அறைத்தோழி பார்ப்பார், கைப்பையில் வைத்தால் வாடிக்கையாளரோ சோதனையிடும் காவலரோ பார்ப்பார். ஆணுறை வைத்திருந்ததையே குற்றத்துக்குச் சான்றாகக் காட்டிய வழக்கம் இந்த நாட்டில் இருந்தது. பாதுகாப்புக்காக ஆணுறை பயன்படுத்துவதைக் குற்றமாகவோ குற்றத்தின் சான்றாகவோ கொள்ளக் கூடாது என்று சொல்ல, 2022 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதல் தேவைப்பட்டது. ஒப்புதல் படிவத்தின் பிரதி ஒன்றைப் பங்கேற்பாளரிடம் தர வேண்டும் என்பது விதி, நல்ல விதி. ஆனால், ‘எச்.ஐ.வி. தடுப்பு மருந்தாய்வு’ என்று தலைப்பிட்ட தாளை, ஊரில் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு ஜவுளிக்கடையில் வேலை என்று சொல்லி நகரத்தில் வாழும் ஒரு பெண், எந்தப் பெட்டியில் பூட்டி வைப்பார்? இப்படிப்பட்ட சின்னக் கேள்விகளுக்கு விடை தெரிந்தவர்கள் ஆய்வுத் திட்டம் எழுதும் மேசையில் இருப்பதில்லை. அதனால்தான் பெரிய ஆய்வுகள் சறுக்குகின்றன.

அந்த மேசையில் அவர்கள் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் இந்தியாவே காட்டியிருக்கிறது. கொல்கத்தா சோனாகாச்சியின் துர்பார் மகளிர் ஒருங்கிணைப்புக் குழு, 1992இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய சுகாதாரத் திட்டத்திலிருந்து வளர்ந்தது; வட்டிக்காரர்களிடமிருந்து மீள உஷா கூட்டுறவுச் சங்கத்தையும் நடத்துவது. மைசூருவின் அசோதயா சமிதியும் பாலியல் தொழிலாளர்களே நடத்தும் அமைப்பு. 2016ஐ ஒட்டி, தினசரித் தடுப்பு மாத்திரை இந்தியச் சூழலில் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று பார்க்கும் செயல்விளக்கத் திட்டம் இவ்விரு அமைப்புகளின் பொறுப்பில் நடந்தது. மாத்திரை வருவதற்கு நெடுநாள் முன்பே அவர்கள் உறுப்பினர்களிடையே விவாதத்தைத் தொடங்கிவிட்டார்கள். மாத்திரை வந்தால் வாடிக்கையாளர் ஆணுறை வேண்டாம் என்பாரா, வதந்தியை எப்படி எதிர்கொள்வது, குப்பியை எங்கே வைப்பது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசினார்கள். இரு இடங்களிலுமாக 1,300க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். மிகப் பெரும்பாலோர் இறுதிவரை நீடித்தார்கள். எவருக்கும் புதிதாகத் தொற்று ஏற்படவில்லை. பலன் ஏற்கெனவே நிறுவப்பட்ட மாத்திரை அது. மருந்தில்லா மாத்திரையோடு ஒப்பிடும் ஆய்வும் அல்ல. எனவே புனோம் பென்னோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆயினும் ஒன்று தெளிவு. விருப்பம் இல்லாத கூட்டம் என்று எங்கோ எழுதப்பட்ட அதே தொழிலைச் செய்யும் பெண்கள்தான் இங்கே இப்படி உறுதியாக நின்றார்கள். வேறுபாடு, அழைத்தவர் யார், அழைக்குமுன் எத்தனை ஆண்டு கூட இருந்தார் என்பதில் இருக்கிறது.

மறுப்புகளுக்குப் பதில்

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் நான்கைப் பொருட்படுத்த வேண்டும். முதலாவது: வறுமையிலும் கடனிலும் இருக்கும் பெண்ணின் சம்மதம் சம்மதமே ஆகாது, பயணப்படிக்காகவும் இலவச வைத்தியத்துக்காகவும் சேர்வார், எனவே அவரை ஆய்வுக்கு அழைப்பதே தவறு. பரிவிலிருந்து எழும் வாதம் இது. ஆனால், இதன் முடிவு அந்தப் பெண்ணுக்கு எதிராகவே விழுகிறது. யாருடைய உடம்பில் பரிசோதிக்கவில்லையோ, அவருக்கு அந்த மருந்து பொருந்துமா என்பதும் தெரியாமலே போகும். மேலும், கூலிக்கு உடல் வருத்தும் எந்த ஏழையின் முடிவையும் நாம் இப்படி ரத்து செய்வதில்லை. செங்கல் சூளைக்கும் கிரானைட் குவாரிக்கும் போகிறவருக்குப் பாதுகாப்பும் இழப்பீடும் வேண்டும் என்கிறோமே தவிர, உனக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று சொல்வதில்லை. வறுமை சம்மதத்தை நெருக்குகிறது என்றால், நெருக்குதலைத் தளர்த்துவதே முறை. ஆய்வில் சேர மறுத்தாலும் அதே இலவச வைத்தியம் கிடைக்கும் என்ற நிலை இருந்தால், சேருகிறவரின் சம்மதம் தானாகவே தூய்மையாகும்.

இரண்டாவது: பேச்சுவார்த்தை காலத்தைத் தின்னும், தாமதம் உயிர்களைக் குடிக்கும். கம்போடிய ஆய்வு நின்றதால் விடை தள்ளிப்போனது என்று கேட்கப்படும் வருத்தம் நியாயமானது. தடுப்பு மாத்திரை பலிக்கிறது என்பதற்கான முதல் உறுதியான சான்று 2010இல்தான் வந்தது. அது ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடமும் திருநங்கைகளிடமும் நடந்த ஆய்வு. பெண்களுக்கான சான்று அதற்கும் பின்னரே கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் இழப்பை நானும் சிறிதாக்கவில்லை. ஆனால், அந்தத் தாமதத்தை உண்டாக்கியது பேச்சுவார்த்தையா, பேசாமல் விட்டதா? திட்டத்தை எழுதி, நிதியை வாங்கி, எண்ணிக்கையை நிர்ணயித்த பிறகு கடைசியில் பெண்களிடம் போனதால் நேர்ந்த முறிவு அது. இதை உணர்ந்துதான் ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு 2007இல், தடுப்பு ஆய்வுகளில் சமூகத்தைத் தொடக்கத்திலிருந்தே பங்கேற்கச் செய்யும் நெறிமுறைகளை வெளியிட்டது. முன்னதாகச் செலவிடும் ஆறு மாதம், பின்னால் இழக்கும் ஆறு ஆண்டைவிட மலிவு.

மூன்றாவது: இவ்வளவு நிபந்தனைகளையும் ஏற்றால் ஆய்வின் செலவு கட்டுபடியாகாது. இந்தக் கணக்கை மருந்தின் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். லெனாகபவிருக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் பட்டியல் விலை ஓராண்டுக்கு 28,218 டாலர். அந்த வருவாயை எதிர்நோக்கும் தொழில், ஆய்வுக்கு உடல் கொடுத்த சில ஆயிரம் பேருக்கு நீண்டகாலக் காப்பீடு தர முடியாது என்றால், முடியாமை பணத்தில் இல்லை. அதே மருந்தின் மற்றோர் ஆய்வு பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு ஆகிய நாடுகளிலும் நடந்தது. மலிவு விலையில் தயாரிக்கவும் விற்கவும் 120 நாடுகளுக்கு உரிமம் வழங்கப்பட்டபோது, இந்த நான்கு நாடுகளும் பட்டியலில் இல்லை. நம் உடம்பில் பரிசோதித்த மருந்து நமக்கு எட்டாத விலையில் விற்கும் என்றால், அடுத்த ஆய்வுக்கு அழைப்பு வரும்போது அந்த மக்கள் என்ன சொல்வார்கள்? இந்தியா அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது நமக்கு ஆறுதல். ஆனால், அது நிறுவனம் மனம்வைத்துத் தந்தது. மனம்வைப்பதை நம்பி ஒருவரிடம் உடம்பைக் கேட்கக் கூடாது.

நான்காவது மறுப்புதான் எனக்குக் கடினமானது: சங்கம் சொன்னால் எல்லோரும் சொன்னதாகுமா? சங்கத் தலைவிகளே புதிய தரகர்களாகிவிட மாட்டார்களா? சங்கத்தில் சேராமல், கைப்பேசி வழியாகத் தொழில் செய்யும் பெண்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்காக யார் பேசுவது? இந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. சங்கத்தின் இசைவு தனிப்பெண்ணின் சம்மதத்துக்கு மாற்றாகாது. சங்கம் சரி என்றாலும் ஒருத்தி வேண்டாம் என்று சொல்லலாம், சங்கம் கூடாது என்றாலும் ஒருத்தி சேரலாம். தொழிற்சங்கம் கூலியையும் பாதுகாப்பையும் பேசி முடிக்கிறது. வேலைக்குப் போவதா என்று ஒவ்வொரு தொழிலாளியும் தானே முடிவெடுக்கிறார். இங்கேயும் அப்படித்தான். நிபந்தனைகளைக் கூட்டாகப் பேச வேண்டும். கையெழுத்தைத் தனித்தனியாக இட வேண்டும். ஒற்றைப் பெண்ணால் ஒரு பன்னாட்டு நிறுவனத்திடம் முப்பது ஆண்டுக் காப்பீட்டைக் கேட்க முடியாது, சங்கத்தால் முடியும்.

இனி செய்ய வேண்டியது

ஊசி வந்துவிட்டதே, இனி ஆய்வு எதற்கு என்றும் கேட்கலாம். எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. 2021இல் தென்பகுதி ஆப்பிரிக்காவில் 2,600 பெண்களிடம் நடந்த ‘இம்போகோடோ’ ஆய்வும், 2023 ஜனவரியில் ‘மொசைக்கோ’ ஆய்வும் பலனின்றி முடிந்தன. பலனுள்ள மருந்து கையில் இருக்கும்போது வெறும் மாத்திரையோடு ஒப்பிட முடியாது என்பதால், இனி வரும் ஆய்வுகளுக்கு இன்னும் அதிகமானோரை இன்னும் நெடுநாள் கவனிக்க வேண்டியிருக்கும். நம்பிக்கையின் தேவை கூடியிருக்கிறது. அந்த நம்பிக்கையோ 2025 தொடக்கத்தில் பெரிய அடி வாங்கியது. அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை ஒரே உத்தரவில் நிறுத்தியபோது, நடந்துகொண்டிருந்த ஆய்வுகளும் நின்றன. தென்னாப்பிரிக்காவில், எச்.ஐ.வி.யையும் கருத்தரிப்பையும் தடுப்பதற்கான ஒரு வளையத்தைப் பிறப்புறுப்பில் பொருத்தியிருந்த பெண்கள், வளையம் உடம்பில் இருக்கும்போதே ஆய்வு நின்றதைக் கேள்விப்பட்டார்கள். கையெழுத்திட்டபோது பெண்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று படிவம் சொல்லியிருக்கும். ஆய்வை நடத்துகிறவர் இப்படி விலகினால் என்ன என்பதற்கு எந்தப் படிவத்தில் பதில் இருக்கிறது?

இந்தியாவிடம் அடித்தளம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்தாய்வு விதிகள், ஆய்வால் பாதிக்கப்பட்டவருக்கு இலவச சிகிச்சையையும் இழப்பீட்டையும் கட்டாயமாக்குகின்றன. எளிதில் பாதிப்புக்குள்ளாகக் கூடியவர்களிடம் புதிய மருந்துக்கான சம்மதம் பெறுவதைக் காணொளியாகப் பதிவு செய்யச் சொல்லும் அதே விதிகள், எச்.ஐ.வி. மருந்தாய்வுகளில் குரல்பதிவு போதும் என்கின்றன. முகம் தெரிந்தால் வாழ்வு போகும் என்பதைச் சட்டம் ஒருமுறை உணர்ந்திருக்கிறது. அந்த உணர்வை இன்னும் ஐந்து அடி முன்னே கொண்டுசெல்லலாம். பாலியல் தொழிலாளர்களை அழைக்கும் எந்த ஆய்வுக்கும், திட்டம் எழுதும் கட்டத்திலேயே அவர்களுடைய அமைப்பின் பங்கேற்பு வேண்டும். நன்னெறிக் குழுவில் அவர்களில் ஒருவருக்கு வாக்குரிமையுடன் இடம் வேண்டும். ஆய்வு முடிந்தபின் வரும் பாதிப்புகளுக்கு, ஆய்வு தொடங்குமுன்பே கட்டிவைத்த தனி நிதியிலிருந்து நீண்டகாலக் காப்பீடு வேண்டும். நிதி தந்த நாட்டில் ஆட்சி மாறினாலும் அந்த நிதியைத் தொட முடியாதிருக்க வேண்டும். மருந்து பலித்தால் அதில் பங்கேற்றவருக்கும் அவர் வாழும் சமூகத்துக்கும் எட்டும் விலையில் கிடைக்கும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வு அட்டையும் மாத்திரைக் குப்பியும் காவல் நிலையத்தில் எவருக்கும் எதிரான சான்றாகாது என்று மாநில அரசு உத்தரவிட வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. ஆய்வு வெற்றிபெறத் தேவையான பொருள்கள். மருந்து கெடாமலிருக்கக் குளிர்பதனப் பெட்டிக்குச் செலவிடுகிறோம். சம்மதம் கெடாமலிருக்கவும் செலவு உண்டு. 1986இல் சென்னைக் காப்பகத்தில் இரத்தம் தந்த பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. 2004இல் புனோம் பென் பெண்களிடம் கேட்டார்கள். அவர்கள் திருப்பிக் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. மைசூருவிலும் கொல்கத்தாவிலும் பெண்களே கேள்விகளை எழுதினார்கள். ஆயிரத்து முந்நூறு பேர் முன்வந்தார்கள். பாலியல் தொழிலாளர்கள் விருப்பமாக இருக்கிறார்களா என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. ஒப்புதல் படிவத்தின் அடியில் எப்போதும் பங்கேற்பாளருக்கும் ஆய்வாளருக்கும் தனித்தனியாகக் கையெழுத்திடும் இடம் உண்டு. இத்தனை ஆண்டுகளாக நாம் முதல் கையெழுத்து கிடைக்குமா என்று மட்டுமே அளந்துவந்தோம். கீழே இருக்கும் இரண்டாவது கையெழுத்து, ‘விளக்கிச் சொன்னேன்’ என்பதோடு நிற்காமல், ‘நீ கேட்டவற்றுக்கு நான் பொறுப்பு’ என்றும் பொருள்படும் நாளில், முதல் கையெழுத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது.